உட்கார்ந்தே நடந்தவர்

என் கணவரின் இடது செருப்பு இறுகிப்போனதுதான் முதல் அறிகுறி. வலதுகால் வழக்கம்போல நுழைந்தது. இடதுகாலுக்கு வாரை ஒரு துளை தளர்த்த வேண்டியிருந்தது. "மழையில நனைஞ்சு தோலு சுருங்கிருச்சு" என்றார். காரைக்குடியில் மழை பெய்து பல வாரங்கள் ஆகியிருந்தன. அதைக்கூட அவர் கவனித்திருக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. அமல்ராஜுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஊருக்குள் செக்காலைப் பகுதியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி வந்தார். குடி இல்லை, சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. டாக்டர்கள் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று பதில் சொல்லக்கூடிய உடம்பு.

நான் ஸ்டெல்லா. அமராவதிபுதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்களுக்கு ஒரே மகள், ரோஸி. வீட்டில் ஒருவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எழாமல் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உட்கார்ந்திருப்பவர்களுக்காக அல்ல. அவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை.

நோய் வருவதற்கு முந்தைய வருடம் சென்டருக்கு இன்டர்நெட் வந்தது. டெலிபோன் லைனில் கிறீச்சிட்டுக் கத்திவிட்டு இணைகிற அந்தக் காலத்து இணைப்பு. படிக்க வருகிற பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றுதான் வாங்கினார். எப்படியோ ஒரு விளையாட்டில் போய் விழுந்தார்.

அதில் படமே கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் ஆங்கில எழுத்து. எதிரே ஒரு காடு இருப்பதாக எழுத்து வரும். வடக்கே போ என்று இவர் தட்டினால், காட்டுக்குள் போய்விட்டதாக அடுத்த வரி வரும். எந்தெந்த நாட்டு மனிதர்களோ அதே நேரத்தில் அதே காட்டுக்குள் நடப்பார்கள், சண்டை போடுவார்கள், கோட்டை கட்டுவார்கள். ஒரு கோட்டைக்கு இவர் தலைவர். தெருமுக்குக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொன்னால் சலித்துக்கொள்கிற மனிதர், அங்கே மலை மலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காக்காரர்கள் வேலை முடிந்து வரும் சாயங்காலம் நமக்கு விடிகாலை. கோயிலில் பூசைக்கு மணி அடிக்கும்போது இவர் சைக்கிளை எடுப்பார். மத்தியானம்தான் வருவார். வகுப்பெடுக்க லதா என்று ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். கொஞ்ச நாளில் மத்தியானமும் வரவில்லை. டிபன் கேரியரில் சோறு போய், பாதி அப்படியே திரும்பி வந்தது.

என் அம்மாவிடம் போய் அழுதேன். "குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரா? வேற எங்குட்டும் போறாரா? ஒரு எடத்துல உக்காந்து வெளையாடுறாரு. அதுக்குப் போயி கண்ணக் கசக்குறியே" என்றார்.

எங்கள் சர்ச் பங்குச் சாமியார் இதையே சொன்னார். கூட வேலை பார்த்த டீச்சர்கள் இதையே சொன்னார்கள். கேட்டுக் கேட்டு, கடைசியில் வாயைத் திறக்கவே எனக்கு வெட்கமாகிவிட்டது. குடிகாரன் பெண்டாட்டிக்கு அழுவதற்கு ஊர் இடம் கொடுக்கிறது. எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இடதுகால் கெண்டைச்சதை வீங்கி, தொட்டால் சுட்டது. நாச்சியாபுரத்திலிருந்து மாமியார் வந்து பார்த்தார். "சுளுக்குத்தேன். எண்ணெயக் காய்ச்சி நீவுனா எறங்கிரும்" என்றார். காலையும் மாலையும் விளக்கெண்ணெயைச் சூடாக்கி, முழங்கால்வரை அழுத்தி நீவினார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டுவார். நீவி முடித்ததும் சென்டருக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விளையாடியதாக லதா பிறகு சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை காலை, எண்ணெய் தேய்த்து முடித்து எழுந்தவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "மூச்சு முட்டுது ஸ்டெல்லா." உதடு நீலம் பாரித்திருந்தது. சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. ஓடிவந்தவர்போல இரைத்தார்.

ஊரில் காட்டிய டாக்டர் முதலில் மாரடைப்பு என்றுதான் நினைத்தார். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, வேட்டியை விலக்கி இரண்டு கால்களையும் பார்த்தார். அவர் முகம் மாறியது. ஆக்ஸிஜன் வைத்த வண்டிக்கு அவரே போன் செய்தார். "மதுரைக்குக் கொண்டு போங்க. வீட்டுக்குப் போயி துணி எடுத்துட்டு வாரோம்னு நிக்காதீக" என்றார்.

மதுரையில் டாப்ளர் ஸ்கேன் (ரத்தம் ஓடுவதை ஒலி அலையால் பார்ப்பது) எடுத்தார்கள். இருந்தது டீப் வெய்ன் த்ராம்போசிஸ் (காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாவது). அந்தக் கட்டியில் ஒரு துண்டு பிய்ந்து, மேலே போய் நுரையீரலில் அடைத்திருந்தது. அதற்குப் பல்மனரி எம்பாலிசம் என்று பெயர். பெரிய துண்டாக இருந்திருந்தால் வாசல் நிலையிலேயே முடிந்திருக்கும் என்றார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் ஊசிமருந்து ஏறிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் கட்டிலுக்கு வந்தார். பின்னால் நாலைந்து இளம் டாக்டர்கள்.

"என்ன வேலை தம்பி? லாரி ஓட்டுறீங்களா?"

"கம்ப்யூட்டர் சென்டர் சார்."

"ஒரேயடியா எவ்வளவு நேரம் உக்காருவீங்க?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "காலையில உக்காந்தா மத்தியானம் வரைக்கும் சார். திரும்ப உக்காந்தா பொழுது சாயுற வரைக்கும். குடிச்சா எந்திரிக்கணுமேன்னு தண்ணிகூடக் குடிக்க மாட்டாக."

"அப்படி என்னம்மா வேலை?"

"வேலை இல்ல சார். விளையாட்டு."

இளம் டாக்டர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. "கால் வலி எப்ப ஆரம்பிச்சது?" என்றார்.

போன வாரம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அவரே சொன்னார். "ஒரு மாசம் இருக்கும் சார்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"ஒரு ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். கேம்ல பழக்கம். கனடாவுல நர்ஸா இருக்காரு. ரத்தக்கட்டியா இருக்கும், உடனே டாக்டரப் பாருன்னு அப்பவே சொன்னாரு."

"அப்புறம் ஏன் வரலை?"

"கோட்டைய வளைச்சிட்டாங்க சார். நான் எந்திரிச்சிருந்தா போயிருக்கும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே வீட்டில் படுத்து எழுந்த எனக்கு, அந்த வலி செருப்பு வாரில்தான் தெரிந்தது. முகமே பார்க்காத ஒருவருக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கிறது. அவர் சரியாகவும் சொல்லியிருக்கிறார். அவர்மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லை.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "காலை யாராச்சும் நீவுனாங்களா?"

"மாமியார் நீவுனாங்க சார்."

"அதுல கட்டி உடைஞ்சிருக்கலாம். நீவாமலேயும் உடைஞ்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. இனிமே யாரும் தொடக் கூடாது."

வராந்தாவின் கடைசியில் மாமியார் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டுகிற விரலில் இன்னும் விளக்கெண்ணெய் வாசம் இருந்திருக்கும். அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடும்வரை சொல்லாமலே அனுப்பிவைத்தேன்.

"விளையாட்டாலதான சார் வந்துச்சு?" என்று டாக்டரிடம் கேட்டேன். யாராவது ஒருவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"விளையாட்டு என்னம்மா பண்ணும்? அசையாம உக்காந்ததால வந்தது. பஸ் டிரைவருக்கும் வரும், தையல்காரருக்கும் வரும்."

"பஸ்ஸுக்கு ஸ்டாப் வரும் சார், டிரைவர் எறங்கிருவாரு. இதுக்கு ஸ்டாப்பே இல்ல."

"அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லம்மா" என்றுவிட்டு டாக்டர் திரும்ப வார்டுக்குள் போனார்.

வார்ஃபரின் (ரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை) எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடிக்கடி ரத்தம் எடுத்து, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். கீரையைக் கண்டபடி சாப்பிடக் கூடாது, மருந்தின் வேலையைக் கெடுக்கும். சவரக்கத்தி பட்டால் ரத்தம் நிற்காது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே, விரல்நுனியிலிருந்து முழங்கால்வரை கிரேப் பேண்டேஜ் (இழுத்துச் சுற்றும் கட்டுத்துணி) சுற்ற வேண்டும். அதை நான்தான் சுற்றினேன். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட நாளில் கொஞ்சம் இறுக்கிச் சுற்றியிருப்பேன்.

திருந்திவிடுவார் என்று நினைத்தேன். செத்துப் பிழைத்தவன் திருந்துவான் என்று எல்லாரும்தான் நினைக்கிறோம்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சென்டருக்குள் நுழைந்தேன். தச்சாசாரியை வரவழைத்து மேஜைக்கு நான்கு கால்களிலும் கட்டை வைத்து உயர்த்தியிருந்தார். நெஞ்சு உயரத்துக்கு மானிட்டர். கட்டுப்போட்ட காலோடு நின்றுகொண்டு தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"டாக்டர் என்ன சொன்னாரு? உக்காரக் கூடாதுன்னாரு. வெளையாடக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அந்தச் சாமர்த்தியத்தைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மணிக்கணக்காக நின்றால், கெட்டுப்போன சிரையில் ரத்தம் கணுக்காலில் தேங்கும். தோல் கறுத்துத் தடித்தது. மேஜைக்கு வைத்த கட்டையிலேயே ஒருநாள் கணுக்கால் இடித்துச் சிராய்ந்தது. அந்தச் சிராய்ப்பு ஆறவில்லை. வீனஸ் அல்சர் (ரத்தம் தேங்கித் தோல் உடைவதால் வரும் புண்) ஆகிவிட்டது. காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்துப் படுத்தே கிடக்க வேண்டும் என்றார்கள். சென்டரை லதா பார்த்துக்கொண்டாள். நான் தினமும் புண்ணைக் கழுவிக் கட்டினேன். அந்த நாற்றம் என் கைவிரலில் சாக்பீஸ் வாசத்தையும் மீறி நின்றது.

அப்படிக் கிடந்தபோதுதான் லதா ஒரு சாயங்காலம் வந்தாள். அவருக்கு மெயில் வந்திருப்பதாகச் சொன்னாள். அந்த விளையாட்டை நடத்திவந்த அமெரிக்காக்காரருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாம். விளையாட்டு ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டார். கோட்டை, காடு, மலை எல்லாம் முந்தின வாரமே போய்விட்டன.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அவருடைய அப்பா இறந்தபோதுகூட அப்படி அழவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றுவிடும் என்றிருந்தபோதும் அழவில்லை. கையில் பஞ்சோடு நான் நின்றுகொண்டிருந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதற்கும் தெம்பில்லை.

"ஒரு தடவயாச்சும் நீ உள்ள வந்து பாத்திருக்கலாம் ஸ்டெல்லா. அங்குட்டு நான் யாருன்னே ஒனக்குத் தெரியாது."

"இங்குட்டு நீங்க யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றேன்.

நான் கட்டுப்போட்டு முடித்தேன்.

புண் ஆறப் பல மாதம் ஆயிற்று. அவர் மறுபடி வகுப்பெடுக்க ஆரம்பித்தார். இப்போது காலையில் நடக்கப் போகிறார். விளையாட்டை விட்டுவிட்டார், நல்ல மனுஷன் என்று ஊரில் சொல்கிறார்கள். அவர் அதை விடவில்லை. அது அவரை விட்டது.

அந்த மாதிரி விளையாட்டு உடம்புக்குக் கெடுதலா என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். டாக்டர் சொன்னது சரிதான். விளையாட்டு ரத்தத்தை உறைய வைப்பதில்லை. ஆனால் உறைந்துகொண்டிருப்பது தெரிந்த பிறகும் ஒரு மனிதரை எழவிடாமல் வைத்திருந்தது எது என்று கேட்டால், அதற்கு டாக்டர் ஒரு பெயரும் சொல்லவில்லை. பெயர் இல்லாததால் அது நோய் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால் நீவிவிடாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள். குடிக்கவில்லையே என்று யாராவது ஆறுதல் சொன்னால், அங்கே உட்காராமல் எழுந்து வந்துவிடுங்கள்.

மகளுக்கு முதல் பல் விழுந்தது அவருக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்ததும் தெரியாது. அந்த ஒன்றரை வருடம் எங்கள் வீட்டில் எனக்கும் ரோஸிக்கும் மட்டும்தான் நடந்தது. அவருக்கு வேறெங்கோ நடந்தது. அந்த இடம் இப்போது எங்கும் இல்லை. அதனால் அவர் எங்களுக்குச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

இடதுகால் இன்றும் வலதைவிடத் தடிமன். கணுக்காலைச் சுற்றித் தோல் காய்ந்த புளிபோலக் கறுத்திருக்கிறது. வெயில் நாளில் அது எப்போது கனக்கும், எந்த இடத்தில் அரிக்கும், விரலால் அழுத்தினால் குழி எவ்வளவு நேரம் நிற்கும் எல்லாம் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் முகத்தைப் பார்ப்பேன். இப்போது காலைப் பார்க்கிறேன். வீங்கியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து முடித்து நான் நிமிர்வதற்குள், அவர் என்னைத் தாண்டி உள்ளே போயிருப்பார்.