நடுவில் இருந்த பன்

சனிக்கிழமை ராத்திரிகளில் எங்கள் அப்பாவுக்குக் கம்பளி கிடையாது. அது மாவுக்குப் போய்விடும். பெங்களூர்க் குளிரில் ரொட்டி மாவு லேசில் பொங்கிவராது என்று அத்தை மாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி, அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். அப்பா வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தன் தங்கைக்கு அண்ணனைவிட மாவுதான் உசத்தி என்று முணுமுணுத்தபடி தூங்கிப்போவார். மறுநாள் காலையில் பன் தயாரானதும் முதல் ஆளாக வந்து உட்காருவதும் அவர்தான்.

அத்தை எங்களோடு அல்சூரில் இருந்தாள். தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்து, நாலு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை என்று மாமியார்க்காரி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தாள். வந்த அத்தை மூலையில் உட்கார்ந்து அழவில்லை. காக்ஸ் டவுனில் ஒரு துரைசானி வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போன பிறகும் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட கிழவி அந்தத் துரைசானி. அவளிடம் கற்றுக்கொண்டதுதான் இந்த உருளைக்கிழங்கு பன்.

கிழங்கை வேகவைத்துக் கட்டியில்லாமல் மசித்து, வெந்த தண்ணீரையும் கீழே கொட்டாமல், மைதா, பால், சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் சேர்த்து அத்தை கை வலிக்கப் பிசைவாள். காலையில் உருண்டை பிடித்து வட்டத் தட்டில் நெருக்கி அடுக்கி, அடியில் மணல் பரப்பிய பெரிய தேக்சாவுக்குள் இறக்கி, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போடுவாள். கொஞ்ச நேரத்தில் தெருவே மூக்கை நீட்டிக்கொண்டு வரும். தட்டின் ஓரத்தில் இருக்கும் பன்களுக்குத் தோல் சற்றுத் தடித்துவிடும். நட்டநடுவில் இருப்பதுதான் எல்லாப் பக்கமும் மெத்தென்று இருக்கும். அது எனக்கு. யாரும் எழுதி வைக்காவிட்டாலும் அதுதான் சட்டம்.

மாவு அப்படிப் பொங்குவதற்குத் துரைசானி கொடுத்தனுப்பும் ஏதோ பொடிதான் காரணம் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். பொடியுமில்லை, ஒன்றுமில்லை. அது கள். ஈச்ச மரத்துக் கள். கள் வாடை அடித்தால் வீட்டையே கழுவிவிடுகிறவள் எங்கள் அம்மா. அதனால் இந்த விஷயம் அத்தைக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கள்ளுக்கடை வாசலில் அத்தை போய் நிற்க முடியாது. ஒன்பது வயசுப் பெண் தூக்குச்சட்டியோடு நின்றால், யாரோ பெரியவருக்கு வாங்க வந்திருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

"ரொட்டிக்குன்னு யாருகிட்டயும் மூச்சு விடாதே. தெரிஞ்சா உங்கம்மா பன்னையும் தொடமாட்டா, என்னையும் அடுப்பாண்ட விடமாட்டா" என்று சொல்லி அத்தை சத்தியம் வாங்கிவைத்திருந்தாள். நானும் ஒரு வருஷத்துக்கு மேல் மூச்சு விடவில்லை. ரகசியம் காப்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

இப்படியிருக்கும்போது மாமியார்க்காரி போய்ச் சேர்ந்தாள். இரண்டு மாதம் கழித்து மாமாவிடமிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன், அத்தையை அழைத்துப் போகிறேன் என்று. அன்றைக்கு அத்தை சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். எல்லோரும் அப்படியே சாப்பிட்டோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் எரிந்தது. அத்தை போய்விட்டால் எனக்குத் தலை பின்னுவது யார்?

சனிக்கிழமை சாயங்காலம் தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அத்தை சொன்னாள்: "நாளைக்கு நடு பன்னு மாமாவுக்குடி கண்ணு. நீ பக்கத்துல இருக்கிறத எடுத்துக்கோ."

நான் வெடுக்கென்று படியிறங்கிப் போனேன். கள்ளை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கடைத்தெருவில் மாமாவின் அக்கா எதிரே வந்தாள். எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருந்தவள். சட்டியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"யாருக்குடி கள்ளு? உங்கப்பனுக்கா?"

"எங்கப்பா குடிக்கமாட்டாரு" என்றேன் ரோஷமாக.

"பின்ன யாருக்கு?"

ரொட்டிக்கு என்று சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணியிருக்கிறேன். "அத்தைக்கு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் வெகுளியாகச் சொன்னேனா, அல்லது நடு பன் போன கோபத்தில் சொன்னேனா என்று இன்றைக்கும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வெகுளி என்றே இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வரவில்லை. அத்தை மடிப்புக் கலையாத புடவையில் வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடந்தாள். மத்தியானத்துக்கு மேல் எங்களையெல்லாம் பன் சாப்பிடச் சொன்னாள். நடுவில் இருந்ததை மட்டும் தொடவிடவில்லை. ரயில் தப்பியிருக்கும் என்று அதை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிவைத்தாள்.

மறுநாள் மாமாவின் அக்கா வீட்டுக்கு விசாரிக்கப் போன அப்பா, முகம் சிவந்து திரும்பிவந்தார். மாமா வந்திருக்கிறார். ரயிலிலிருந்து இறங்கி, முதலில் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடித்திருக்கிறார். அங்கிருந்தே அடுத்த ரயிலுக்குத் திரும்பிவிட்டார்.

"குடிக்கிற பொம்பள எங்க குடும்பத்துக்கு வேணாமாம். கொழந்தையே சொல்லிச்சுன்றா அவ" என்றார் அப்பா.

அத்தை ஒரே மூச்சில் உண்மையைச் சொல்லிவிட்டாள். கள் மாவுக்குத்தான் என்று கேட்டதும் அம்மா கொல்லைப்பக்கம் ஓடி வாய் கொப்பளித்தாள். ஒரு வருஷம் தின்ற பன்னை ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவப் பார்த்தாள், பாவம். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ அவகிட்ட எதனா சொன்னியா?"

"நான் அவங்களப் பாக்கவேயில்ல" என்றேன்.

"கொழந்தைய உடுண்ணா" என்றாள் அத்தை.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினார். என் பெண் பொய் சொல்லமாட்டாள், நீதான் பொய்க்காரி என்று அங்கே போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அவள் தன் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறாள். ரொட்டியில் கள்ளா, யாரிடம் கதை விடுகிறாய் என்று கேட்டிருக்கிறாள். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. அடுத்த வருஷம் மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார். நான் அப்பாவோடு போய், "ஆமாம், நான்தான் சொன்னேன், ஆனால் அது மாவுக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தை கடைசிவரை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அதன் பிறகு அவள் என்னைக் கள் வாங்க அனுப்பவில்லை. நான் வளர்ந்துவிட்டதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கள்ளுக்கடைக்குப் போய்வந்தது நான் ஒருத்திதான். என்னைத் தவிர வேறு எந்தக் குழந்தை சொல்லியிருக்க முடியும்? இந்தச் சின்னக் கணக்கு எனக்குப் புரிய எவ்வளவோ காலம் ஆயிற்று. அத்தைக்கு அது அந்த நிமிஷமே புரிந்திருக்கும்.

அன்று அப்பா படியிறங்கியதும் அத்தை கிண்ணத்தைத் திறந்தாள். உருளைக்கிழங்கு சேர்ந்த பன் சீக்கிரம் காயாது. ஒரு நாள் கழிந்தும் பஞ்சுபோலத்தான் இருந்தது. அதை என் கையில் வைத்து, எதிரே உட்கார்ந்தாள். பொய்யும் பலித்தது, நடு பன்னும் கிடைத்தது என்று நான் சந்தோஷமாகத் தின்றேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அப்போது தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

அவள் எதற்காகவோ காத்திருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. துணுக்கையெல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இல்லையா அத்தை?" என்று கேட்டேன்.