வலிக்காத பித்தப்பை

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பெரிய பேர் உண்டு: வலி தெரியாதவள். காலில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் எடப்பாடிச் சந்தை முழுக்கச் சுற்றி வந்தேன். செருப்பெல்லாம் ரத்தம். "இரும்புப் பொம்பள" என்று கணவரின் அக்கா ஊரெல்லாம் சொல்லி மெச்சினார். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நான் இரும்பும் இல்லை, துரும்பும் இல்லை. பல வருஷத்துச் சர்க்கரை பாத நரம்புகளைத் தின்றுவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

போன ஆடியில் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. சோற்றைக் கண்டாலே குமட்டல். வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு விசைத்தறியை ஓட்டினேன். கடைசியில் சேலத்தில் ஸ்கேன் எடுத்தால் பித்தப்பை நிறையக் கல். பை வீங்கிச் சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"இதுக்கு நீங்க துடிச்சுப் போயிருக்கணுமேம்மா," என்றார் டாக்டர். சர்க்கரை வயிற்று நரம்புகளையும் கெடுக்குமாம். பை சரியாகச் சுருங்காமல் பித்தம் தேங்கிக் கல்லாகுமாம். அழுகினாலும் வலி தெரியாமல் போகலாமாம். உடனே எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

வெளியே வந்ததும் கணவர் நெளிந்தார். "வலியே இல்லாத எடத்துல எதுக்குப் புள்ள கத்தி? ஊர்ல அம்மன் நோம்பி முடியட்டும். ஊட்டுக்குப் போலாம் வா." போனில் அவருடைய அக்காவும் சேர்ந்துகொண்டார்: "நீ தாங்குவ சாமி."

எனக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, ஊடை நூல் அறுந்தா தறி தானா நிக்கோணுமில்லீங்க? நிறுத்துற கம்பி கெட்டுப்போயி, தறி அது பாட்டுக்கு வெறுமனே அடிச்சிட்டிருந்தா நல்ல தறின்னு மெச்சுவீங்களா? ஓடிப்போயி நிறுத்துவீங்களா?"

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நான் ஆபரேஷனுக்குப் படுக்கப் போறனுங்க. நீங்க வேணும்னா நோம்பிக்குப் போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். அவர் போகவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுத்தது. வலி! வயிற்றுத் தோலில் இன்னும் உணர்ச்சி இருந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. "வலிக்குது" என்று வார்டே கேட்கும்படி கத்தினேன்.

மறுநாள் பார்க்க வந்த கணவரின் அக்கா என் தலையைத் தடவினார். "கத்தாத சாமி, கொஞ்சம் பொறுத்துக்க. உனக்குத்தான் வலியே தெரியாதே."

"பொறுக்க மாட்டனுங்க," என்றேன். "நர்ஸக் கூப்புடுங்க."