சின்ன அறைக்குச் சூடு

பாரிஸில், லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறேன். வடைக்கு உழுந்து அரைக்கும்போது கிரைண்டருக்குள் ஒரு கை ஐஸ் கட்டி அள்ளிப் போடுவோம். போடாவிட்டால் கல்லும் கல்லும் உரசுகிற சூட்டில் மா கெட்டுவிடும், வடை எழும்பாது. வருடக்கணக்காக அப்படி ஐஸ் போட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீடு எடுத்த வருடத்துப் பனிக்காலத்தில்தான், இஞ்சே ஐஸ் போட்டு அணைக்கிற சூட்டை வீட்டுக்குக் கொண்டு போனால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. கெடுகாலம் வரும்போது நல்ல யோசனை மாதிரித்தான் வரும் போலிருக்கிறது.

வீடு எதற்கென்று சொல்ல வேண்டும். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது நான் இங்கே வந்தேன். அகதி வழக்குத் தோற்றது. ஒன்பது வருடம் இன்னொருவருடைய வதிவிட அனுமதிக் கார்ட்டில் பாத்திரம் கழுவினேன். அவருடைய பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும், என்னுடைய பெயரை யாராவது கூப்பிட்டால் கேளாதது போல நடக்கவும் பழகினேன். பிறகு ஒருவழியாக, வேலையைக் காட்டி என் சொந்தப் பெயரில் ஒரு கார்ட் கிடைத்தது. அதற்கும் பிறகுதான் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம் என்றார்கள். அப்போது மகளுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது.

பதினெட்டானால் பிள்ளை பிள்ளையில்லை, அதுதான் இங்கத்தைய சட்டம். விண்ணப்பம் கொடுக்கிற நாளில் பதினெட்டுக்குள் இருந்தால் தகப்பனிடம் வரலாம், இல்லாவிட்டால் வர முடியாது. என் பிள்ளை பதினெட்டுக்குள் இருந்தாள். கொடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான். யாராவது வந்து வீட்டைப் பார்ப்பார்கள். மூன்று பேருக்குக் காணுமா, தண்ணீர் வருகிறதா, குளிருக்குச் சூடு இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

வீடு ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, முற்றத்துப் பக்கமாக ஒரு சின்ன அறை. சின்ன அறைதான் மகளுக்கு என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். மூன்று இடத்திலும் சுவரில் மின்சார ஹீற்றர் பூட்டியிருந்தது. கூடத்தில் இருந்தது மட்டும் வேலை செய்தது. மற்ற இரண்டில் எதைப் போட்டாலும் மெயின் சுவிட்ச் ‘டக்’ என்று விழுந்து வீடு இருண்டுவிடும். வீட்டுக்காரர் நம்முடைய ஆள்தான். கேட்கும்போதெல்லாம் “பாப்பம் தம்பி” என்பார். பார்க்கத்தான் செய்தார், வேறொன்றும் செய்யவில்லை.

கடையில் பெரிய சமையற்காரராக இருக்கிற அண்ணையிடம் சொன்னேன். அவர் தன் குடும்பத்தை முன்பே கூப்பிட்டவர், எல்லாம் தெரிந்தவர்.

“சுவரிலை ஹீற்றர் கிடக்குதெல்லே?”

“கிடக்குது அண்ணை. ஆனா வேலை செய்யாது.”

“அவை வந்து கிடக்குதோ எண்டுதான் பாப்பினம். போட்டுப் பாக்க மாட்டினம். நீ வாயைத் திறக்காமல் ஒரு பக்கமா நில். எல்லாம் சரிவரும்.”

“அப்ப பிள்ளை வந்து விறைக்கிறதோ?”

“முதல் பிள்ளை வரட்டும். விறைக்கிறதைப் பிறகு பாப்பம்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் புத்தி சொல்ல முடியாது. எனக்குத்தான் ஏறவில்லை. ஒன்பது வருடம் வேறு பெயரில் வாழ்ந்தவனுக்கு, இந்த வீட்டிலாவது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடையில் பழைய கிரைண்டரின் கல் வெடித்தது. முதலாளி எறியச் சொன்னார். மோட்டர் நல்ல நிலையில் இருந்தது. அதைக் கழற்றி, மரக்கறி வாங்கும் தள்ளுவண்டியில் வைத்து, ஐந்து மாடியும் படிபடியாக இழுத்து ஏற்றினேன். ஃபோனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஒரு பெரிய தகரப் பீப்பாய்க்குள் இன்னொரு பீப்பாய், இரண்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி, அதற்குள் எண்ணெய். மோட்டர் உள் பீப்பாயைச் சுற்றும். எண்ணெய் உரசுப்பட்டுச் சூடாகும். சின்ன மோட்டர் ஒன்று முழு வீட்டையும் சூடாக்கும் என்று வீடியோவில் வந்த வெள்ளைக்காரர் கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்.

நானும் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவன். சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பரீட்சையில் எழுதியவன். மோட்டர் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறதோ அவ்வளவு சூடுதான் வரும், அதற்கு மேல் ஒரு துளியும் வராது. தெரியும். தெரிந்துகொண்டுதான் இரண்டு எவர்சில்வர் பானை வாங்கினேன்.

மத்தியானச் சாப்பாட்டு வேலை மூன்று மணிக்கு முடிந்தால் ஆறு வரை ஓய்வு. அந்த மூன்று மணித்தியாலமும் சின்ன அறையில் நிலத்தில் குந்தியிருந்து பானைக்குத் துளை போட்டேன். முதல் தடவை கடையில் வடை பொரித்த பழைய எண்ணெயை விட்டேன். வீடு முழுக்க வடை வாசம். கீழ் வீட்டு வயோதிபர் படியில் என்னைப் பார்த்து, உணவகம் திறக்கப் போகிறாயா என்று கேட்டார். இரண்டாம் தடவை நடு அச்சு கோணி, பானையோடு பானை முட்டி, கோயில் சேமக்கலம் போல அடித்தது. எண்ணெய் என் முகத்திலும் சுவரிலும்.

அந்தக் கோலத்தோடுதான் மகளுக்கு வாட்ஸ்அப்பில் காட்டினேன். அவளும் அப்போது உயர்தரம், அதே கணிதப் பிரிவு.

“அப்பா, மோட்டர் எத்தினை வற்ஸ்?”

“அறுநூறு.”

“அப்ப அறுநூறு வற்ஸ் சூடுதான் வரும். கடையிலை ஒரு சின்ன ஹீற்றர் வாங்கினாலும் இதேதான். பிறகேன் இவ்வளவு கஸ்ரப்படுறியள்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ உன்ரை படிப்பைப் பார். எனக்குப் படிப்பிக்க வராதை” என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அவள் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம். இரண்டு நாள் அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. அப்பியாசக் கொப்பித் தாளில் பென்சிலால் என்னுடைய மெசினை வரைந்திருந்தாள். அச்சு கோணாமல் இருக்க அடியில் ஒரு தாங்கி. வெளிப் பானையைச் சுற்றித் தகட்டுச் செட்டைகள், சூடு கெதியாய் வெளியே வர. கீழே ஒரு குறிப்பு: ‘முழு வீட்டுக்கும் காணாது. சின்ன அறைக்கு மட்டும் வையுங்கோ. கதவைச் சாத்தினால் காணும்.’

அந்தத் தாளைப் பார்த்து நான் அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை. பதினைந்து வருடமாக எங்கள் பேச்சு ‘சாப்பிட்டியோ’, ‘சாப்பிட்டன்’, ‘படிச்சியோ’, ‘படிச்சன்’, ‘அம்மாட்டைக் குடு’ என்பதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெரியாது, சொல்ல அவளுக்கும் தெரியாது. இப்போது தினமும் நாலு மணிக்கு ஃபோனைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு வேலை செய்தேன். அங்கே அவளுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். புட்டைக் குழைத்துக்கொண்டே “அப்பா, அந்த ஆணியை இன்னும் இறுக்குங்கோ”, “ஐயோ அது இல்லை, மற்றது” என்று மேற்பார்வை பார்த்தாள். மனைவி இடைக்கிடை எட்டிப் பார்த்து, “இரண்டு பேருக்கும் ஒரே விசர்” என்றாள். கடை ஹீற்றர் ஒன்றைப் பத்து நிமிடத்தில் வாங்கி வந்திருக்கலாம். அதை வாங்கியிருந்தால் நாலு மணிக்கு அவளோடு பேச எனக்கு என்ன இருந்திருக்கும்?

மெசின் ஓடியது. கிரைண்டர் சத்தம்தான், ஆனால் முட்டாமல் ஓடியது. கதவைச் சாத்திவிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துப் போனால் சின்ன அறையில் சுவெட்டர் தேவைப்படவில்லை. தெர்மோமீற்றரைக் கமராவுக்குக் காட்டினேன். மகள் கை தட்டினாள்.

வீட்டைப் பார்த்து எழுத வந்த பெண்மணி தை மாதக் குளிரில் மூச்சிரைக்க ஐந்து மாடி ஏறி வந்தார். நல்ல மனிதர், முதலில் தண்ணீர் கேட்டுக் குடித்தார். கூடத்தை அளந்தார், குழாயைத் திறந்து மூடினார், சுவரில் இருந்த மூன்று ஹீற்றரையும் கண்ணால் பார்த்துத் தாளில் சரி என்று புள்ளடி போட்டார். ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. அண்ணை சொன்னது சொன்னபடி. சின்ன அறையில் நின்று, இங்கே நல்ல வெதுவெதுப்பாக இருக்கிறது என்றார். பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்.

அவர் வருமுன் ஓட்டி நிறுத்தியிருந்த மெசின், மனைவிக்கென்று வாங்கி வைத்த சேலை ஒன்றால் மூடி மூலையில் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. இரண்டு நிமிடம் நான் பேசாமல் நின்றிருந்தால் கீழே இறங்கியிருப்பார்.

நான் சேலையை இழுத்தேன். “இது நான் செய்தது” என்றேன் என் உடைந்த பிரெஞ்சில். “இந்தத் தகடெல்லாம் என் மகள் வரைந்து அனுப்பியது. அவளுக்குப் பதினேழு வயது. இந்தச் சூடு இதிலிருந்துதான் வருகிறது.” பிளக்கைக்கூடப் போட்டுக் காட்டினேன். நாலு மணிக்கு மகளுக்கு ஃபோன் எடுத்து, ‘அரசாங்க ஆளே பார்த்து நல்லது என்றார் பிள்ளை’ என்று சொல்ல வேண்டும், அந்த ஆசைதான். ஒரு தகப்பனுக்கு அந்த ஆசை பெரிய குற்றமா? தெரியவில்லை.

அவர் மெசினைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். “அப்படியானால் அவை வேலை செய்வதில்லையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதாவது பொய் சொல்லியிருக்கலாம். “வேலை செய்வதில்லை, அதனால்தான் இதை...” என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். அவர் பைக்குள் இருந்து பேனாவைத் திரும்ப எடுத்தார். எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. போகும்போது மட்டும், உங்கள் மகள் கெட்டிக்காரி என்றார்.

கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. முறையான சூடாக்கும் வசதி இல்லை, வீட்டில் தயாரித்த ஆபத்தான மின்கருவி பாவிக்கப்படுகிறது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. திரும்பப் போடலாம், ஆனால் முதலில் வயரிங் மாற்றி வீட்டைச் சரிக்கட்ட வேண்டும். வீட்டுக்காரர் அப்போதும் “பாப்பம் தம்பி” என்றார். மகளுக்குப் பதினெட்டாக ஐந்து கிழமை இருந்தது. ஐந்து கிழமையில் ஒன்றும் நடக்கவில்லை.

கடிதத்தை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவி மட்டும் வரலாம் என்று சட்டம் சொன்னது. “இவளை ஆரட்டை விட்டிட்டு நான் வாறது?” என்றாள். அவளும் வரவில்லை. நான் வீட்டை விட்டு, ஸ்தேன் என்கிற புறநகரில் நாலு பேரோடு ஓர் அறைக்குப் போனேன். மெசினை எறிய மனம் வரவில்லை. என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. போட விட மாட்டார்கள், சத்தம்.

மகளிடம் வீட்டு வயரிங் சரியில்லை, அதனால் மறுத்துவிட்டார்கள் என்றுதான் சொன்னேன். அவள் அழவில்லை. இப்படித்தான் கேட்டாள்:

“அப்பா, எங்கடை மெசினை அவைக்குக் காட்டினியளோ?”

அவள் வரைந்த ஒன்றுதான் அவளை வரவிடாமல் செய்தது என்று எந்த வாயால் சொல்வது?

“இல்லைப் பிள்ளை. சேலையாலை மூடி வைச்சிருந்தன்.”

“காட்டியிருக்கலாம் அப்பா” என்றாள். “பாத்திருந்தா எங்களை விட்டிருப்பினம்.”

ஓம் பிள்ளை, காட்டியிருக்கலாம் என்றேன்.