முறுக்கினால் ஓடும், தள்ளினால் நிற்கும்

காரில் ஏறுவதற்கு முன் அதில் புதிதாகப் பூட்டியதைப் பார்த்தாக வேண்டும் என்று அடம்பிடித்தேன். சக்கரக் கதிரையைக் கதவோடு ஒட்டி நிறுத்தி, குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தேன். பிரேக் மிதியில் ஒரு இரும்புக் கம்பி பூட்டியிருந்தது. அது மேலே ஏறி, இடக்கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பிடியாக முடிந்தது. அந்தப் பிடி ஒரு பழைய மோட்டார் சைக்கிளுடையது. அதிலிருந்து ஒரு கேபிள் இறங்கி அக்சிலரேற்றர் மிதிக்குப் போனது. முறுக்கினால் கார் ஓடும், முன்னுக்குத் தள்ளினால் நிற்கும். அவ்வளவுதான் சங்கதி.

"அண்ணை, கழுத்துப் பிடிக்கப்போகுது. ஏறி இருந்து பாருங்கோவன்" என்றார் அதைப் பூட்டிய கராச்காரர்.

"பொறுங்கோ. முறுக்கிக்கொண்டே தள்ளினா என்ன நடக்கும்?"

"ஏன் அப்பிடிச் செய்யப்போறியள்?"

"செய்யமாட்டன். செய்தா?"

அவர் தலையைச் சொறிந்தார். கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்! என் குணம் அப்படி. நிலாவெளியில் படகு ஓட்டிய காலத்தில் எஞ்சின் கொஞ்சம் இருமினாலே மூடியைக் கழற்றிவிடுவேன். கலியாணம் கட்டிய நாள் முதல் என் மனைவிக்கு இது பெரிய தலையிடி.

படகில் போன நான் கதிரைக்கு வந்த கதை சின்னது. ஒருநாள் விடியற்காலையில் படகைக் கரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். கயிறு அறுந்து, படகு சரிந்து என் இடுப்பில் விழுந்தது. அதோடு இடுப்புக்குக் கீழே எதுவும் என் சொல்லைக் கேட்பதில்லை. அதைப் பற்றி அழுது முடித்துவிட்டேன். அழுது முடிக்காதது வேறொன்று: தூக்கப்படுவது. கிளினிக்குக்குப் போகவேண்டுமா, கலியாண வீட்டுக்குப் போகவேண்டுமா, ஓட்டோக்காரர் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம். "கால் பக்கம் பார், கதவில அடிபடுது" என்று என் தலைக்கு மேலே கதைத்துக்கொள்வார்கள். லொறியில் பிறிஜ் பெட்டி ஏற்றுகிறவர்கள் போல. பாவம், முகம் கோணாமல் வந்து தூக்குகிறவர்கள்தான். ஆனாலும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். யாரையும் கூப்பிடாமல் ஒருமுறையாவது வீட்டு வாசல் படலையைத் தாண்டவேண்டும் என்ற ஒரே ஆசைதான் எனக்கு. கொழும்பிலிருக்கும் மைத்துனர் தன்னுடைய பழைய ஓட்டோமற்றிக் காரைத் தருகிறேன் என்றபோது, கிளட்ச் இல்லாத கார், கையாலேயே ஓட்டலாம் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

பழகுவதற்குச் சாம்பல்தீவில் ஒரு வெறும் வளவு கிடைத்தது. கராச்காரர் வேலியோரம் நின்றார். மனைவி பக்கத்து ஆசனத்தில், கடவுளை வேண்டியபடி. முறுக்கினேன். அடடா! படகு எஞ்சினின் பிடியும் இப்படித்தான் முறுக்குவது. இடக்கை பழைய சிநேகிதனைக் கண்டதுபோல அதைப் பிடித்துக்கொண்டது. வளவின் மறுகரையில் யாரோ தடிகள் நட்டு வலை காயப்போட்டிருந்தார்கள். அதற்குக் கிட்ட நிறுத்துவதாக நினைத்து, பிடியைத் தளர்த்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"பிரேக்கைப் பிடியுங்கோ!" என்றாள் மனைவி.

"சத்தம் போடாதையும். முறுக்கிறதை விட்டாச்சு. தன்ரபாட்டில நிக்கும்."

"நிக்கேல்லையப்பா! போகுது, போகுது!"

"பொறும், நிக்கும் எண்டுறன்."

கார் வலைக்குள் போனது. தடிகள் முறிந்தன. கண்ணாடி முழுக்க வலை. மீன் நாற்றம். நான் இன்னும் அது நிற்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன்! கராச்காரர் ஓடிவந்து சாவியைத் திருப்பினார்.

படகுக்கு ஏது பிரேக்? கரை கிட்டினால் எஞ்சினைக் குறைப்போம். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். ஒருவன் எவ்வளவு தூரத்தில் குறைக்கிறான் என்பதில்தான் அவனுடைய கெட்டித்தனம் இருக்கிறது. நிறுத்துவதென்றால் என் கைக்குப் பிடியை விட்டுவிடுவது. அதையே ஆயுள் முழுக்கச் செய்த கை.

விஷயம் பரவி, என்னோடு கடலுக்குப் போன இரண்டு பேர் விடுப்பும் வேடிக்கையும் பார்க்க வந்தார்கள். "கை இருந்தாப் போதும்தானே, இதில என்ன கஷ்டம்?" என்று ஒருவன் ஏறி உட்கார்ந்தான். கால்களை மடித்துச் சப்பாணி கட்டிக்கொண்டு கையால் மட்டும் ஓட்டினான். வேலி கிட்டியது. பிடியைத் தளர்த்திவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். சிரித்தபடியே வேலிக்குள் போனான். மற்றவனும் அப்படித்தான். எனக்கு வயிறு நொந்துபோகுமளவுக்குச் சிரிப்பு. ஆனால் உள்ளுக்குள் பயம் பிடித்தது. இந்தப் பழக்கம் கையை விட்டுப் போகாவிட்டால் லைசன்ஸ் கிடைக்காது. பிறகு ஆயுளுக்கும் ஓட்டோக்காரரின் தோள்தான்.

பிறகு மனைவி ஏறினாள். அவள் ஸ்கூட்டரில் கடைக்கும் கோயிலுக்கும் திரிகிறவள். ஓட்டினாள், வேலிக்கு எட்டத்திலேயே பிடியைத் தள்ளி நிறுத்தினாள்.

"என்னெண்டப்பா நிப்பாட்டினீர்?" என்று கேட்டேன்.

"ஸ்கூட்டர்ல பிரேக் கையிலதானே இருக்கு. நீங்கள் எல்லாரும் தண்ணி வந்து பிடிக்கும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறியள். இஞ்ச ஒருத்தரும் வந்து பிடிக்கமாட்டினம்."

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வளவுக்குப் போனோம். அவள் "தள்ளுங்கோ!" என்று கத்துவாள், நான் தள்ளுவேன். கத்தாமலே தள்ளும் நாள் வந்தது. முறுக்கிக்கொண்டே தள்ளியும் பார்த்தேன். அன்று அவள் என்னோடு கதைக்கவில்லை.

பரீட்சைக்குத் திருகோணமலை நகரத்துக்குப் போனோம். சோதிக்க வந்த அதிகாரி வீதியைப் பார்க்கவேயில்லை, என் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரைப் பக்கம் திரும்பியபோது ஒரு மான் சாவகாசமாக வீதிக்கு இறங்கியது. எங்கள் ஊர் மான்களுக்கு வாகனம் என்றால் ஒரு மதிப்பும் இல்லை. என் கை ஒரு கணம் தளர்ந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு தள்ளியது. கார் நின்றது. அதிகாரியின் வலக்கால், அங்கேயும் பிரேக் இருப்பதுபோல, காரின் தரையை இறுக்கி மிதித்தபடி இருந்தது.

"உங்கட கால் அசையவே இல்லை" என்றார்.

"அது சும்மா சவாரி வருது, சேர்."

அவர் சிரிக்கவில்லை. காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, குனிந்து கம்பியைப் பார்த்தார்.

"முறுக்கிக்கொண்டே தள்ளினா?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. "பிரேக்தான் வெல்லும், சேர். செய்து பாத்தனான்" என்றேன்.

லைசன்ஸ் கைக்கு வந்த பிறகும் சில நாள் மனைவி பக்கத்தில் இல்லாமல் காரைத் தொடவில்லை. ஒரு நாள் காலை அவள் தன் தமக்கை வீட்டுக்குப் போனாள். நான் முற்றத்தில் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரைக்கும் ஆசனத்துக்கும் நடுவே ஒரு பலகையை வைத்தேன், கைகளை ஊன்றி நகர்ந்தேன், கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தேன். வியர்த்துக் கொட்டியது. கதிரையை மடித்து உள்ளே இழுக்க எனக்கு ஏலாது. அதை முற்றத்திலேயே விட்டுவிட்டு, படலையைத் தாண்டினேன்.

துறைமுகம் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். கதிரை இல்லாதவன் எங்கே இறங்குவது? காருக்குள்ளேயே இருந்தேன். மீன் ஏற்றிக்கொண்டிருந்த, என்னோடு தொழில் செய்த பழைய ஆட்கள் கண்டுவிட்டார்கள். "இறக்கிவிடவோ அண்ணை?" என்று ஓடிவந்தார்கள். வேண்டாம் என்றேன். அவர்கள் ஜன்னலுக்குக் குனிந்து, அது என்ன, இது என்ன என்று கேட்டார்கள். நான் முறுக்கிக் காட்டினேன், தள்ளிக் காட்டினேன். அவர்கள் வேலைக்குத் திரும்பிய பிறகும் போக மனமில்லாமல் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைபேசி அடித்தது. மனைவி.

"ஐயோ, இஞ்ச கதிரை வெறுமையாக் கிடக்கு! எங்க நிக்கிறியள்?"

படகு விழுந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. வைத்த இடத்தில் இருக்கிறவனிடம் எதற்குக் கேட்பார்கள்?

"என்னப்பா, சொல்லுங்கோவன், எங்க நிக்கிறியள்?"

"சொல்லமாட்டன்" என்றேன். "தேடிப் பாரும்."