சிவப்பு நூலில் முப்பத்திரண்டு

இன்று பீரோவில் போட வாங்கிய பாச்சை உருண்டையின் வாசம், இப்போது ஓட்டலாகிவிட்ட எங்கள் கன்னியர் மட விடுதியின் பெட்டி அறைக்கே என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"சும்மா பாத்துட்டு வந்துடலாம், வா" என்றுதான் ஆறாம் வகுப்பு விண்ணப்பத்தோடு மூலக்குளத்திலிருந்து அம்மா என்னை அழைத்து வந்தாள். மாசேர் என்று எல்லோரும் கூப்பிட்ட கன்னியாஸ்திரீ கேட்டதற்கெல்லாம் நானும் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "இன்னைக்கே இருக்கட்டும்" என்றார் அவர். அம்மா போன பிறகு பார்த்தால், பாச்சை உருண்டை நெடியடித்த அந்த அறையில், எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கவேண்டிய பச்சை டிரங்குப் பெட்டி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே என் பாவாடை, சட்டை, துண்டு எல்லாவற்றிலும், சலவையில் மாறிவிடாமல் இருக்க, விடுதி எண் முப்பத்திரண்டைச் சிவப்பு நூலில் அம்மா தைத்திருந்தாள். நான் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து எத்தனை நாள் தைத்தாளோ!

அன்றிலிருந்து சூப்பில் மிதந்த கீரையையும், வேளாவேளைக்கு அடித்த மணியையும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்ற அம்மாவின் பேச்சையும் நான் நம்பவில்லை. வந்தாலும் பார்க்கப் போவதில்லை என்றே இருந்தேன். சனிக்கிழமை துணி மடிக்கும்போது, பக்கத்துக் கட்டில் ஸ்டெல்லாதான் என் பாவாடையை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏய், உங்கம்மா தச்சுட்டுப் பிரிச்சிருக்காங்கடி. மறுபடியும் தச்சிருக்காங்க. ஊசி ஓட்டையப் பாரு."

மறுநாள் அம்மா வந்ததும், என்னை அனுப்ப மனசில்லாமல்தான் பிரித்தாளோ என்று ஓடினேன். "எதுக்கும்மா பிரிச்ச?"

அம்மா என் சட்டைக் காலரைத் திருப்பி, அந்த எண்ணை விரலால் தடவினாள். நூல் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கிறாளோ என்று அப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.