கடைசி நாவலில் அகஸ்ரீனா

அகஸ்ரீனாவுக்குக் கடதாசிகளில் பெயர் கிளறா. அது மன்னாரில் இருக்கும் அவளுடைய அக்காவின் பெயர். அக்காவின் பாஸ்போட்டில்தான் இவள் இத்தாலிக்கு, பலெர்மோ வந்து சேர்ந்தாள். இங்கே தங்குவதற்கான பெர்மெசோவைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அக்காவின் பிறந்த திகதியை வழி முழுக்கச் சொல்லிப் பார்ப்பாள். பிடிபட்டால் ஊருக்குத்தான். மாதா கோயிலில் எங்கள் சனத்துக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறப்பதில்லை.

வாய் திறந்தது இவள்தான். லிபெர்த்தா தெருவில் இவள் வேலை பார்த்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, பேர்போன அமெரிக்க நாவலாசிரியை. தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியாமல் அழுத நாளில், அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"எழுதுற மனுசியிட்டைப் போய்ச் சொன்னனியோ? உனக்கென்ன விசரோ?" என்று ஏசினேன்.

"ஓம் றோசக்கா, பிழைதான்."

அந்த அம்மா ஆயுள் முழுக்க எழுதியது தன்னோடு பழகியவர்களைத்தான். முதல் நாவலில் புருஷனை எழுதினார், அவர் விட்டுவிட்டுப் போனார். பிறகு தங்கச்சியை எழுதினார், அவள் கதைப்பதை நிறுத்தினாள். பரிசுகள் மட்டும் குவிந்தன. கடைசி நாவலை முடித்ததும், "இதில் நீயும் இருக்கிறாய்" என்று இவளிடம் சிரித்தாராம். சில நாளிலேயே கண்ணை மூடிவிட்டார். இனி யாரிடம் கேட்பது?

இத்தாலியப் பதிப்பு வருவதற்குள் அகஸ்ரீனா பாதியாகிவிட்டாள். பல்லரோ சந்தையில் மீன் வாங்கும்போது பொலிஸ் காரைக் கண்டால் என் கையை இறுக்கிப் பிடிப்பாள். சும்மா வா என்று அதட்டுவேன். எனக்கும் பயம்தான்.

புத்தகம் வந்த அன்று இவள் மகள் றம்யா பக்கம் பக்கமாகத் தேடினாள். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா, இஞ்சை கிடக்கு! பேர் இல்லை. பாஸ்போட் கதையும் இல்லை."

"அப்ப என்ன கிடக்கு?"

றம்யா அந்த வரிகளைத் தமிழில் சொன்னாள்: கிழக்கிலிருந்து வந்த அந்தப் பெண் சமையலறையில் ஓம், ஓம் என்று மந்திரம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவ்வளவு நிம்மதியான ஒருத்தியை நான் கண்டதேயில்லை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்க வேதக்காரிக்கு மந்திரமாம்!

அகஸ்ரீனா சிரிக்கவில்லை. "நான் அழுதது ஒரு இடத்திலையும் இல்லையோ?"

றம்யா இல்லை என்று தலையாட்டினாள்.

"அந்த ஓம், அக்காவோடை போனிலை கதைச்சது," என்றாள் அகஸ்ரீனா. "இன்னும் என்ரை பேரிலைதானோ இருக்கிறாய் எண்டு ஒவ்வொருக்காவும் கேப்பா. ஓம் எண்டுவன். வேறை என்னத்தைச் சொல்ல?"