பொட்டலத்தில் போன மூன்று கதைகள்

தலவாக்கலைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பைஸருக்கு, நாவல் எழுதுவதில் கிடைத்த சுகம் வியாபாரத்தில் கிடைத்ததில்லை. முதல் நாவலை முடித்து, சாக்குத் தைக்கும் நூலால் தானே தைத்து வைத்திருந்தார். அதைப் படித்த ஒரே ஆள் அவர் மனைவி அசீசா. சங்கடம் அதற்குப் பிறகுதான் வந்தது: அடுத்தது எதை எழுதுவது?

கையில் மூன்று கதைகள் இருந்தன. நல்லதண்ணியில் காணாமற்போன கோயில் மணியைத் தேடும் இன்ஸ்பெக்டர். கொத்மலையிலிருந்து குதிரையேறி ஓடும் ராஜகுமாரி. ரயில் சுரங்கத்தில் குடியிருக்கும் பேய். மூன்றுக்கும் முதல் அத்தியாயம் எழுதியாகிவிட்டது. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் முறைத்தன. மூன்று மாதமாக ஒரு வரியும் நகரவில்லை. உப்புக் கேட்டவர்களுக்குச் சீனி போயிற்று.

"ஏதாச்சும் ஒண்ண எழுதித் தொலைங்க," என்றார் அசீசா. "நீங்க எழுதாட்டி வீட்டுல மனுசர் இருக்க ஏலாது."

தேயிலைத் தோட்டத்தார் தீர்மானிக்கட்டும் என்று முடிவு செய்தார் பைஸர். அத்தியாயங்களை பொட்டலத் தாள்களில் விரல் வீங்கப் பிரதி எடுத்தார். சம்பளம் கிடைத்த ஞாயிறன்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம் சாமான் வாங்க வந்தபோது மிளகாயை இன்ஸ்பெக்டரிலும், பருப்பை ராஜகுமாரியிலும், கருவாட்டைப் பேயிலும் கட்டிக் கொடுத்தார். எதன் மிச்சத்தைக் கேட்டு வருகிறார்களோ, அதுதான் நாவல்.

அடுத்த ஞாயிறு, கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணு ஆறு பெண்களோடு வந்து நின்றாள்.

"மொதலாளி, மிச்சக் கதை எங்க?"

பைஸர் தராசை விட்டுவிட்டு முன்னால் வந்தார். "எந்தக் கதைம்மா?"

"எந்தக் கதையா? ஒரு கதைதானே குடுத்தீங்க. எங்க லயத்துல செல்லசாமி அண்ணன்தான் வாசிக்கும். எல்லா வீட்டுக் காயிதத்தையும் கொண்டுபோயிக் குடுத்தோம். கெடச்ச வரிசையில வாசிச்சிச்சு. ராஜகுமாரி குதிரைய விட்டுட்டு ரயில் கோச்சியில ஏறிட்டா. குதிரைய இன்ஸ்பெக்டரு சந்தேகத்துல புடிச்சிட்டாரு. பேய் எப்ப வரும்னு நாங்க வாசத்துலயே கண்டுபுடிச்சிருவோம்."

"அது மூணு கதைம்மா," என்றார் பைஸர் பரிதாபமாக. ராஜகுமாரியின் கண்ணீரை அவர் நான்கு தடவை திருத்தி எழுதியிருந்தார்.

"மூணா? அப்ப மணிய எடுத்தது குதிரை இல்லையா?"

பைஸர் யோசித்துப் பார்த்தார். குதிரை ஏன் எடுத்திருக்கக்கூடாது? பேய் கேட்டிருக்கலாம். இருட்டில் ரயில் வருவது தெரிய பேய்க்கும் ஒரு மணி வேண்டாமா? மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் விரல் நுனி அரித்தது. பொட்டலம் கட்டும் காகிதம் ஒன்றை உருவி, தராசுத் தட்டின் மேலேயே வைத்து எழுத ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அசீசா, உப்புச் சாடியையும் சீனிச் சாடியையும் அததன் இடத்தில் மாற்றி வைத்தார்.

"மொதலாளி, பருப்பு," என்றாள் அம்மாக்கண்ணு.

"பொறு, குதிரை சுரங்கத்துக்குள்ள நிக்கிது."

"நிக்கட்டுங்க, பேய் பாத்துக்கும். நீங்க பருப்பக் கட்டுங்க."